ஹோஸ் வேண்டாம் என்றவர்

சென்ற வியாழக்கிழமை பதினொன்றாம் வகுப்புக்குச் செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது கேன்டீன் பிலோமினா அக்கா ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றார். வகுப்பு நேரத்தில் அவர் மாடிக்கு வருவதில்லை. "மிஸ், நம்ம பிளம்பர் அமலதாஸ் போயிட்டாருங்க" என்றார். எங்கே போய்விட்டார் என்று நான் கேட்டேன். "தவறிட்டாருங்க மிஸ். கவுஞ்சில."

மேல்மலைக் கிராமமான கவுஞ்சியில் ஒரு கேரட் தோட்டத்துக்கு ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவரக் குழாய் பதித்துக்கொண்டிருந்தாராம். காலையில் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று வரப்பில் உட்கார்ந்திருக்கிறார். தோட்டக்காரர் ஜீப் பிடிப்பதற்கே நேரமாகிவிட்டது. மருத்துவமனைக்கு வரும் வழியில், பூம்பாறையைத் தாண்டும்போது மூச்சு நின்றுவிட்டது. வயது ஐம்பத்திரண்டு.

எங்கள் பள்ளியில் பதினாறு ஆண்டுகள் வேலை செய்தவர். இதைப் படிக்கும் பழைய மாணவர்களுக்கும் சக ஊழியர்களுக்கும் அவரை நினைவிருக்கும். அவரைப் பற்றி உங்களில் பலர் நம்பிக்கொண்டிருப்பது ஒன்று உண்டு. உயிரியல் கூடத்தில் இருந்த உப்புநீர் மீன்தொட்டியை அவர்தான் பாழாக்கினார், அதனால்தான் அவரை நிறுத்தினார்கள் என்பது அது. அவரைப் பற்றி எதை எழுதினாலும் அந்த இடத்தைத் தாண்டிப் போக எனக்கு வழியில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஆய்வுக்கூடத்தில் கைகழுவும் குழாயில் தண்ணீர் நிற்காமல் சொட்டிக்கொண்டிருந்தது. வந்து பார்த்தவர், "பீலி தேஞ்சு போச்சுங்க மிஸ்" என்றார். எனக்குப் புரியவில்லை. பின்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். குழாயைத்தான் அப்படிச் சொன்னார். இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம் அவருடையது. "எங்க வீட்டுல எல்லாருமே பீலின்னுதாங்க சொல்லுவோம். நீங்க டேப்புன்னு எழுதிக்கங்க" என்று பராமரிப்புப் பதிவேட்டை என்னிடம் நீட்டினார். சிரித்த பிள்ளைகளை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

அடுத்த ஜனவரியில் ஒரு காலை, மாணவியர் விடுதியில் ஒரு குழாயிலும் தண்ணீர் வரவில்லை. புல்வெளி முழுக்க உறைபனி. மேல்தொட்டியிலிருந்து வரும் குழாய்களுக்குள் தண்ணீர் உறைந்துவிட்டது. நான் கேன்டீனிலிருந்து கொதிக்கும் நீரை வாளியில் கொண்டுபோய் நேரே குழாயின் மேல் ஊற்றப் போனேன். அமலதாஸ் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். "சாக்கச் சுத்தி, அது மேல ஊத்துங்க மிஸ். வெறைச்சுக் கெடக்குற பைப்புல திடீர்னு சூடு பட்டா வெடிச்சிரும்." சாக்குகளைச் சுற்றிவிட்டு, ஒவ்வொரு குழாயாகக் கையை வைத்துப் பார்த்தபடி நடந்தார். நான் அவசரப்படுத்தியபோது, "தண்ணிக்கு நம்ம அவசரம் தெரியாதுங்களே" என்றார். அன்று எட்டு மணிக்கு விடுதியில் எல்லாக் குழாயிலும் தண்ணீர் வந்தது. ஒன்றுகூட வெடிக்கவில்லை.

அந்த மீன்தொட்டி, வெளிநாட்டில் இருக்கும் ஒரு பழைய மாணவரின் அன்பளிப்பு. நானூறு லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி, அதன் கீழே வடிகட்டித் தொட்டி, பக்கத்தில் பம்பு, குளிருக்கு இரண்டு ஹீட்டர். என் மாணவர்களில் பலர் கடலைப் பார்த்ததில்லை. கிளாவரையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு பெண், கடலில் உப்பை யார் மிஸ் போடுவார்கள் என்று ஒருமுறை கேட்டிருந்தாள். அவளுக்காகவே இந்தத் தொட்டி வந்ததுபோல் எனக்கு இருந்தது. உப்புத்தூளைப் பீப்பாயில் கரைத்தபோது அமலதாஸ் ஒரு சொட்டைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "கடல ஒரே ஒரு தடவதாங்க பாத்திருக்கேன். கப்பல்ல வர்றப்ப. நாலு வயசு. அம்மா மடியில வாந்தி எடுத்ததுதான் ஞாபகம் இருக்கு" என்றார். மறுபடி ஒருநாள் ராமேஸ்வரம் போய் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். போகவில்லை என்று இப்போது அவர் மனைவி சொல்லித் தெரிந்துகொண்டேன்.

தொட்டியையும் பம்பையும் எதால் இணைப்பது என்பதில்தான் எங்களுக்குள் பேச்சு வந்தது. எனக்கு வளையும் ஹோஸ் வேண்டும். ஹோஸில் முழங்கை வளைவுகள் இல்லை, தண்ணீர் தடையில்லாமல் போகும், பம்பின் அதிர்வு தொட்டிக்கு ஏறாது, பக்கத்து வகுப்புக்கு இரைச்சல் கேட்காது என்று படித்திருந்தேன். படித்ததில் பிழை இல்லை. ஆனால் உண்மையான காரணம் வேறு. வெள்ளிக்கிழமை திறப்பு விழா. அன்பளிப்பு கொடுத்தவர் நேரில் வருகிறார். முதல்வரிடம் நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். ஹோஸ் என்றால் ஒரு மதியத்தில் வேலை முடியும்.

"ஹோஸ் சரிப்படாதுங்க மிஸ்" என்றார் அமலதாஸ். "தொட்டித் தண்ணி வெதுவெதுன்னு இருக்கணும்ங்கிறீங்க. இங்க கரண்டு எப்பப் போகும்னு யாருக்குத் தெரியும்? ஹீட்டர் நின்னுச்சுன்னா ஹோஸ் குளிர்ல வெறைச்சிரும். திரும்ப சூடு ஏறுனா இளகும். இப்பிடி வெறைச்சு இளகி, வெறைச்சு இளகி, ஒருநா பிடி விட்டுரும்."

"கிளிப்ப நல்லா இறுக்கிப் போடுங்க."

"உப்புத்தண்ணிங்க மிஸ். கிளிப்பு எத்தன நாளைக்குத் தாங்கும்? ரெண்டு நாள் குடுங்க. வத்தலக்குண்டுல சாமான் வாங்கியாந்து கெட்டி பைப்பாவே போட்டுர்றேன். இந்த ஈரத்துல ஒட்டுன எடம் காய ஒரு நாள் முழுசா விடணும். வேற ஒண்ணும் இல்ல."

புதன்கிழமை காலையில் ஒருமுறை சொன்னார். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி சொன்னார். ஹோஸைக் கையில் வாங்கிக்கொண்டு மூன்றாவது முறையும் சொன்னார். நான், "அமலதாஸ், இது மீன் விஷயம். எனக்குத் தெரியும். வெரசா மாட்டுங்க" என்றேன். அவர் ஊர்ப் பேச்சில் அவரையே விரட்டினேன். அங்கே இரண்டு மாணவர்கள் நின்றிருந்தார்கள். "சரிங்க மிஸ்" என்று குனிந்து வேலையைத் தொடங்கினார்.

திறப்பு விழா நன்றாக நடந்தது. ஐந்து மாதம் தொட்டியும் நன்றாகவே இருந்தது. கோமாளி மீன்கள் ஆறு, நீல நிறத்தில் நான்கு, பாறையில் ஒட்டிய ஒரு கடல் சாமந்தி. கிளாவரைப் பெண் இடைவேளை முழுவதும் கண்ணாடி முன்னால் நிற்பாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அமலதாஸ் வந்து கிளிப்புகளைத் திருகிப் பார்ப்பார். அது அவர் வேலைப் பட்டியலில் இல்லை. ஒரு சனிக்கிழமை விரலைக் காட்டினார். செம்பழுப்பாகத் துரு. "இந்த லீவுல ஒரு நாள் தொட்டிய வடிச்சுக் குடுங்க மிஸ், பைப்பா மாத்திர்றேன். உங்க சோலி எதுவும் கெடாது." ஆய்வாளர்கள் வருகை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன். கிளிப்பையாவது மாற்றச் சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை. அவராகவே புதிய கிளிப் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார்.

மூன்று நாள் விடுமுறை முடிந்து திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தேன். பம்பருகே ஹோஸ் கழன்று தரையில் கிடந்தது. பம்பிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் ஏறும் ஹோஸின் வாயை நான்தான் தொட்டியின் அடிவரை இறக்கி வைக்கச் சொல்லியிருந்தேன். அதனால் தொட்டி நீர் வந்த வழியே இறங்கி, மரத்தரைக்குள் போய், கீழே இசை அறைக்குள் கொட்டியிருந்தது. அங்கே பள்ளி தொடங்கிய காலத்துப் பியானோ இருந்தது. தொட்டியின் அடியில் நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர். அதில் ஒரே ஒரு கோமாளி மீன் சாய்ந்து படுத்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அமலதாஸ் ஓடிவந்தார். பீப்பாயில் மிச்சமிருந்த உப்புநீரைக் கெட்டிலில் சூடாக்கி, அளவு பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். பதினொரு மணிவரை மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். மீன் பிழைக்கவில்லை. "நான் சொன்னேனே" என்று அவர் சொல்லுவார் என்று காத்திருந்தேன். "தரையத் தொடச்சிருவோம் மிஸ், புள்ளைங்க வழுக்கி விழுந்துருவாங்க" என்றார்.

இரண்டு நாள் கழித்து முதல்வர் அறைக்கு எங்கள் இருவரையும் அழைத்தார்கள். நிர்வாகத்திலிருந்தும் ஒருவர் வந்திருந்தார். பியானோதான் அவருடைய கவலை.

"இவ்வளவு தண்ணீர் போற எடத்துல ஹோஸ் போட்டது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான் சார் மாட்டுனேன்" என்றார் அமலதாஸ்.

"மாட்டுனது நீங்கதான். ஹோஸ் போதும்னு முடிவு பண்ணது யாரு?"

அமலதாஸ் என் பக்கம் பார்த்தார். நான் மேசைமேல் இருந்த கண்ணாடிப் பேப்பர் வெயிட்டைப் பார்த்தேன். அந்த ஆண்டுதான் என்னை நிரந்தரம் ஆக்குவதாக இருந்தது. என் மகன் அங்கேயே ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். இவை காரணங்கள்தான். ஆனால் அந்த நொடியில் இவற்றை நான் யோசித்துப் பார்த்தேன் என்றால் அது பொய். நான் எதையும் யோசிக்கவில்லை. வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

அவர் அதிக நேரம் காத்திருக்கவில்லை. "பைப்பு வேலை என்னோடதுங்க சார். நான்தான் பாத்திருக்கணும்" என்றார்.

படியிறங்கும்போது அவர் பின்னால் போனேன். பேச வேண்டும் என்றுதான் போனேன். அவர் நின்று திரும்பி, "தம்பி நல்லாப் படிக்கிறானா மிஸ்?" என்று கேட்டார். படிக்கிறான் என்றேன். "அப்பச் சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாத முடிவில் அவரை நிறுத்தினார்கள். ஊழியர் அறையில் சிலர், பிளம்பரின் கவனக்குறைவு என்று பேசிக்கொண்டபோது நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஊர் முழுக்க அந்தப் பேச்சு பரவியது. நகரத்துத் தங்கும் விடுதிகளில் அவரை வேலைக்குக் கூப்பிடுவது குறைந்தது. போளூர், கிளாவரை, கவுஞ்சி என்று மேல்மலைத் தோட்டங்களில் குழாய் பதிக்கும் கூலி வேலைக்குப் போகத் தொடங்கினார்.

அதன்பின் ஒரே ஒரு முறைதான் அவரைச் சந்தித்தேன். ஞாயிற்றுச் சந்தையில், கையில் ஒரு கட்டு முள்ளங்கியோடு நின்றிருந்தார். இளைத்திருந்தார்.

"தொட்டியில மறுபடி மீனு விட்டாச்சுங்களா மிஸ்?"

இல்லை என்றேன். அதில் இப்போது பழைய விடைத்தாள் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறோம் என்பதைச் சொல்லவில்லை.

"விடுறப்ப கெட்டி பைப்பாப் போடச் சொல்லுங்க. ஆனா பம்புல இருந்து ஒரு சாண் மட்டும் ஹோஸ் வைக்கச் சொல்லுங்க. அதிரும்னு நீங்க சொன்னீங்கள்ல, அது சரிதான். நான் யோசிச்சுப் பாத்தேன். மொத்தமும் கெட்டியாப் போட்டா கண்ணாடிக்கு ஆகாது. உங்களுதுலயும் கொஞ்சம், என்னோடதுலயும் கொஞ்சம்."

எத்தனை மாதம் அதை மனதுக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாரோ தெரியவில்லை. அப்போதாவது அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். சந்தையில் கூட்டமாக இருக்கிறது, வீட்டுக்கே போய்ச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன். அவர் வீடு எங்கள் பள்ளியிலிருந்து இருபது நிமிட நடை. இரண்டு ஆண்டுகளில் நான் போகவில்லை.

செய்தி கேட்ட மறுநாள், வெள்ளிக்கிழமை போனேன். அடக்கம் முடிந்திருந்தது. அவர் மனைவி ஜெயராணி சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னை அவருக்குத் தெரியும். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து நகர்ந்தபின், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஒண்ணு கேக்கணும் மிஸ். நெசமாவே அவருதான் தப்பா மாட்டிட்டாருங்களா? நான் எத்தனையோ தடவ கேட்டுட்டேன். 'விடு, முடிஞ்சு போச்சு'ன்னுட்டாரு. எனக்கு நம்ப முடியல. வேலையில அவரு அப்பிடி விடுற ஆளு இல்ல."

"அவர் மூணு தடவ வேண்டாம்னு சொன்னாருங்க. நான்தான் கேக்கல" என்றேன்.

ஜெயராணி அழவில்லை.

"அத ஸ்கூல்ல சொன்னீங்களா?"

"இல்ல."

"அவருகிட்டயாவது தப்புதான்னு சொன்னீங்களா?"

"இல்லங்க."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா இங்கனயே ஏதாச்சும் வேல கெடைச்சிருக்கும். வெள்ளனே எந்திரிச்சு அம்புட்டுத் தூரம் போயிருக்க மாட்டாரே" என்றார். குரலில் கோபம் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்து, விடை வந்ததும் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு எழுந்து உள்ளே போனார். திரும்பி வரவில்லை. நானும் எழுந்து வந்துவிட்டேன்.

முதல்வரிடம் திங்கட்கிழமை எழுத்தில் கொடுத்துவிட்டேன். அவர் புதியவர். படித்துப் பார்த்துவிட்டு, இறந்தவர் விஷயம், இனிமேல் எதற்கு மேடம் என்றார். அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். தொட்டி விஷயத்தில் அமலதாஸ் மேல் எந்தத் தவறும் இல்லை. இதனால் அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஜெயராணி இதைப் படிப்பாரா என்பதும் தெரியவில்லை.

இறந்தவரிடமிருந்து தங்களுக்கு என்ன கிடைத்தது என்று இப்படிப்பட்ட கட்டுரைகளில் எழுதுவார்கள். பொறுமை, நேர்மை என்று நானும் எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். அவற்றில் எதுவும் எனக்கு வந்து சேரவில்லை. அமலதாஸிடமிருந்து என்னிடம் இருப்பது என்னுடைய வேலைதான். அவரை நிறுத்திய அந்த ஆண்டு ஜூனிலேயே என்னை நிரந்தரம் ஆக்கிவிட்டார்கள். நாளை காலை எட்டரைக்குப் போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவேன்.