எண்ணெய் வைக்கும் கிழமை

எங்கள் அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பித்தளைக் கிண்ணம் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அடிப்பக்கம் கரி ஏறிக் கறுத்துவிட்டது. எவ்வளவுதான் பழப்புளி போட்டு மினுக்கினாலும் அந்தக் கறுப்புப் போகாது. அதற்குள் இப்போது சட்டைப் பொத்தான்களும் ஊசிகளும் கிடக்கின்றன. எண்ணெய் சூடாக்குகிற கிண்ணத்தில் யாராவது பொத்தான் போட்டு வைப்பார்களா என்று மகள் என்னை ஏசுவாள். எறியாமல் வைத்திருக்கிறேனே, அதுவே போதும் என்று அவளுக்கு யார் சொல்வது.

அது பொத்தான் கிண்ணமாக ஆகுமுன் அதில் கடைசியாக எண்ணெய் தொட்டவர் சலூன் அண்ணை. துறைமுகத்துக்குப் போகும் வீதியில் சின்னதாக ஒரு சலூன் வைத்திருந்தார். பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் கடற்படை முகாமில் முடி வெட்டியவர். அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனபோது ஏலத்தில் விட்ட சுழல் கதிரை ஒன்றை எடுத்து, அந்தக் கதிரையைச் சுற்றித்தான் சலூனையே கட்டினார் என்று இவர் பகிடி பண்ணுவார். இவர் என்றால் என் வீட்டுக்காரர். துறைமுகத்தில் கப்பலேறும் தேயிலைப் பெட்டிகளின் அடையாளம் பார்த்து எழுதுகிற வேலை அவருக்கு.

முடி வெட்டியபின் தலையைப் பிடித்துவிடுவது எல்லாச் சலூன்களிலும் உள்ளதுதான். நாலு தட்டுத் தட்டி, கழுத்தை ஒரு முறி முறித்து எழுப்பிவிடுவார்கள். சலூன் அண்ணை அப்படி இல்லையாம். பெருவிரல் இரண்டையும் பிடரிக் குழியில் ஊன்றிக்கொண்டு, மற்ற விரல்களால் மெல்ல மெல்ல உச்சிக்கு ஏறி, நெற்றிப்பொட்டில் வந்து நிற்பாராம். நின்ற இடத்தில் அவசரமே இல்லையாம். ஆனால் எண்ணெய் மட்டும் புதனும் சனியும்தான். ஆம்பிளைகளுக்கு அந்த இரண்டு கிழமைதான் எண்ணெய்க்கு உரியது, கிழமை தப்பி வைத்தால் ஆயுசு குறையும் என்பதில் அவர் ஒரு இம்மியும் அசையமாட்டார். மற்ற நாட்களில் வெறுங்கைதான். யாராவது சீண்டினால், "வெள்ளைக்காரனுக்கும் சனிக்கிழமைதான் வைச்சனான்" என்பார்.

இவருக்குத் தலையிடி தொடங்கியபோது நான் வெயிலைத்தான் குற்றம் சொன்னேன். பிறகு பெட்டியில் உள்ள எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றார். பிறகு காலையில் எழும்பியதும் சத்தி, குடித்த தேத்தண்ணிகூட வயிற்றில் நிற்காது. திருகோணமலை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் கொழும்புக்கு அனுப்பினார்கள். கொழும்பில் படம் பிடித்தார்கள், முதுகில் ஊசி குத்தினார்கள், கடைசியில் மூளைக்குள் ஒரு கட்டி, வெட்டி எடுக்க ஏலாத இடத்தில் இருக்கிறது என்று சொல்லி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். இவ்வளவையும் என்னிடம் சொல்லிவிட்டு அந்தப் பெரிய டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நான் என்ன செய்வேன்? இரவு ரெயிலில் அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

என் கை அவருக்கு ஆகவில்லை. இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது. நானும் பிடித்துப் பார்த்தேன், ஆறுதலாகத்தான் பிடித்தேன். "விடும், நோகுது" என்று கையைத் தட்டிவிடுவார். கலியாணம் முடித்த பெண்சாதி கை நோகிறதாம், சலூன்காரன் கை நோகாதாம்! கோபத்தில் குசினிக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டுவேன். பிறகு நானே அவரைக் கைப்பிடியாகக் கூட்டிக்கொண்டு சலூனுக்குப் போவேன். பெண்கள் உள்ளே போகிற இடம் இல்லை அது. எதிர்ப்பக்கத்து வாகை மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். கதிரையில் சாயும்போது கல்லாக இறுகியிருக்கிற முகம், கொஞ்சம் கொஞ்சமாக இளகி, வாய் திறந்து, குழந்தை மாதிரித் தூங்கிவிடும். அதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருக்கும், பொறாமையாகவும் இருக்கும்.

எங்கள் ஆஸ்பத்திரி டொக்டரிடம் இதைக் கேட்டேன். நல்ல மனுசன் அவர். தலையைப் பிடித்தால் கட்டி கரையாது, ஆனால் பிடித்தால் நித்திரை வருகிறதென்றால் பிடிக்கட்டும், குளிசையை மட்டும் நிறுத்தாதேங்கோ என்றார். சலூன் அண்ணையும் அதே கதைதான். தன் கை வருத்தத்தை மாற்றும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. தலையில் கை வைக்குமுன் ஒவ்வொரு தடவையும் "குளிசை போட்டாச்சோ?" என்று கேட்பார். இல்லை என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். போட்ட பிறகுதான் தொடுவார்.

நடக்க ஏலாமல் போனபின் அண்ணையே வீட்டுக்கு வந்தார். பின்னேரம் சலூனைச் சாத்திவிட்டுச் சைக்கிளில் வருவார். முன்வாசலால் வாருங்கோ என்று நான் எத்தனை தரம் சொன்னாலும் குசினிக்கு வெளியால் சுற்றிப் பின்வாசலால்தான் வருவார். ஊர் அவரை அப்படிப் பழக்கியிருந்தது. புதனும் சனியும் நான் நல்லெண்ணெயில் நாலு மிளகு போட்டு இந்தக் கிண்ணத்தில் சூடாக்கி வைப்பேன். எண்ணெய் வைத்த நாளில் இவர் விடியும்வரை தூங்குவார். வெறுங்கை நாட்களில் நடுச்சாமத்தில் முனகல் தொடங்கிவிடும். இவருக்குக் கண் நன்றாக மங்கிவிட்டிருந்தது. கலண்டர் தெரியாது, பகலும் இரவும் குளிசை மயக்கத்தில் ஒன்றுதான். எண்ணெய் வைத்தால் புதன், அடுத்தது வைத்தால் சனி. கிழமையை அப்படித்தான் அவர் அறிந்துகொண்டிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை முனகல் தாங்க ஏலாமல் போயிற்று. அண்ணை வருமுன்னமே எண்ணெயைச் சூடாக்கி வைத்துக்கொண்டு நின்றேன். கிண்ணத்தைக் கண்டதும் அவர் இரண்டு அடி பின்னுக்குப் போனார்.

"அண்ணை, கிழமை பாத்தோ வருத்தம் வருது?" என்றேன்.

"வேண்டாம் தங்கச்சி. இன்னும் கொஞ்ச நாள் இருக்க வேண்டிய மனுசன். என்ர கையால நான் அதைக் குறைக்க மாட்டன்."

நான் கெஞ்சினேன், பிறகு ஏசினேன். அப்படியென்றால் ஏன் வருகிறீர்கள் என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவர் குளிசை போட்டாச்சோ என்று கேட்டுவிட்டு, வெறுங்கையால் இருட்டும்வரை பிடித்துவிட்டுப் போனார். அவர் போனபின் எனக்குள் ஒரு சின்ன ஆறுதல் இருந்ததை மறைக்கக் கூடாது. குறைக்க மாட்டேன் என்கிறார் என்றால், குறைப்பதற்கு ஆயுசு இன்னும் மிச்சம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அன்றிரவு கொஞ்சம் கண்ணயர்ந்தேன்.

மறுநாள் சனி, எண்ணெய் வைத்தார். ஞாயிறு வெறுங்கை. திங்கட்கிழமை பின்னேரம் வந்தவர் கட்டிலுக்குப் பக்கத்தில் கனநேரம் நின்றார். இவருடைய முகத்தைப் பார்த்தார், போர்வையை விலக்கிப் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நேரே குசினிக்குள் போனார். ஒருநாளும் என் அடுப்படிக்குள் காலெடுத்து வைக்காதவர். நான் பின்னால் போய்ப் பார்க்கிறேன், கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி நெருப்பில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். என் முகத்தைப் பார்க்கவில்லை. இதைத்தானே மூன்று நாளைக்கு முன் கெஞ்சிக் கேட்டேன்? இப்போது அந்தக் கிண்ணத்தைப் பறித்து வெளியே எறிய வேண்டும் போல் இருந்தது.

குளிசை போட்டாச்சோ என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை. உச்சியில் எண்ணெயை வைத்து மெல்லப் பரப்பினார். சூடு பட்டதும் இவருடைய கண் திறந்தது. பார்வை எங்கேயோ இருந்தது.

"இண்டைக்கு என்ன கிழமை?" என்று கேட்டார்.

அண்ணையின் விரல்கள் நின்றுவிட்டன. அவர் குனிந்த தலை நிமிரவில்லை. பதில் சொல்ல நான் ஒருத்திதான் இருந்தேன்.

"புதன்" என்றேன்.

"புதனோ? அதுக்கிடையில கெதியா வந்திட்டுது" என்றார் இவர். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். நம்பினாரா, எனக்காக நம்பியது போல் இருந்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. விரல்கள் மறுபடி அசையத் தொடங்கின. அன்றிரவு முனகலே இல்லை.

செவ்வாய்க்கிழமை மாலை இவர் போய்விட்டார். உண்மையான புதன் வந்தபோது முற்றத்துப் பந்தலின் கீழ் கிடத்தி, சொந்தக்காரர் எல்லாரும் வரிசையாக வந்து, அறுகம்புல்லால் எண்ணெயும் அரப்பும் தலையில் தொட்டு வைத்தார்கள். ஆளுக்கு ஒரு துளி. சலூன் அண்ணை வேலியோரம் நின்றார், கிட்ட வரவில்லை. அதன்பின் அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததும் இல்லை. வழியில் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்பார். நானும் நிற்பேன். பிறகு அவரவர் வழியில் போவோம்.

இப்போது உப்புவெளியில் வெளிநாட்டுக்காரர் தங்குகிற விடுதி ஒன்றில் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறார்களாம், இங்கிலிசில் போர்ட்டும் போட்டிருக்கிறதாம். மருமகனுக்கு அங்கேதான் வேலை. கிழமை பார்ப்பார்களோ என்று கேட்டேன். "மாமி, அவையள் இஞ்ச வாறதே கிழமையை மறக்கத்தானே" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

கொஞ்சக் காலமாக எனக்கும் தலைச்சுற்று இருக்கிறது. இரத்த அழுத்தம் என்று டொக்டர் குளிசை தந்திருக்கிறார், போடுகிறேன். போனமுறை தலை சுற்றியபோது மகள் பொத்தான்களைக் கொட்டிவிட்டு, அந்தக் கிண்ணத்தையே கழுவி, எண்ணெய் சூடாக்கிக்கொண்டு வந்து நின்றாள். குனியுங்கோ அம்மா என்றாள். எண்ணெய் மணந்தது. என்னை அறியாமலே வாய் கேட்டுவிட்டது.

"இண்டைக்கு என்ன கிழமை, பிள்ளை?"

"வெள்ளி" என்றாள், யோசிக்காமல்.

பெண்களுக்கு எண்ணெய்க்கு உரிய கிழமைதான். ஆனாலும் நான் எழும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு போய், கலண்டரைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் தலையைக் குனிந்தேன்.