ஏழாம் நம்பர் சாவி

அந்தத் தெருவில் அவளுக்குச் சாவிக்கார அக்கா என்று பெயர். மாடிப்படிக்குக் கீழே, ஓர் அலமாரி அகலத்தில் கடை. சாவி வெட்டும் மெஷின் ஒன்று, நான்கு அரம், சுவரெல்லாம் தொங்கும் வெட்டாத சாவிகள். புருஷன் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அந்தப் பதினோரு வருஷமும் அவள் பித்தளைத் தூளைச் சுவாசித்துத்தான் மகளைப் படிக்க வைத்தாள்.

சாவியைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களின் முகம் அவளுக்கு அத்துப்படி. ஒருநாள் டீச்சர் அழாத குறையாக வந்து நின்றபோது சொன்னாள்:

"சாவி தொலைஞ்சதுக்கே இப்படிக் கலங்குறீங்களே, வீட்டுக்காரர் தொலைஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"அவரு எங்கக்கா தொலையறாரு? கையிலயே வச்சிக்க வேண்டியிருக்கு!"

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த தெருதான் அது.

பூட்டுத் தொழிலில் வெளியே சொல்லாத ஒரு சங்கதி உண்டு. மலிவுப் பூட்டுகள் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பெட்டியில் வரும். ஒரு பெட்டிக்குள் பன்னிரண்டுக்கும் வேறு வேறு சாவி. ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை சாவியின் தலையில் நம்பர் குத்தியிருக்கும். ஆனால் அடுத்த பெட்டியிலும் அதே பன்னிரண்டுதான். இந்தப் பெட்டியின் மூன்றாம் நம்பர் சாவி அந்தப் பெட்டியின் மூன்றாம் நம்பர் பூட்டைத் திறக்கும். அதனால் ஒரு தெருவில் ஒரு பெட்டிக்கு மேல் விற்கக் கூடாது. மிச்சத்தை வேறு பேட்டைக்காரர்களுக்குத்தான் தள்ள வேண்டும். அவள் புருஷன் இதில் கண்டிப்பாக இருந்தான். அவளும் பத்து வருஷம் அப்படியே இருந்தாள்.

பதினோராம் வருஷம் தவறினாள்.

தையல்காரர் வீட்டில் பூட்டை உடைத்து யாரோ புகுந்தார்கள். மறுநாள் காலை கடை திறப்பதற்குள் தெருவே வாசலில் நின்றது. "அக்கா, எனக்கு ஒண்ணு." "எனக்கு முதல்ல குடுக்கா, வீட்டுல வயசுப் பொண்ணு இருக்கா." பயந்த முகங்களைப் பார்த்து இல்லை என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. ஒரு பெட்டி தீர்ந்தது. இரண்டாவதைப் பிரித்தாள். மூன்றாவதையும் பிரித்தாள். அவனவன் வீட்டுச் சாவியை அவனவன்தானே வைத்திருப்பான், அடுத்த வீட்டில் போட்டா பார்க்கப் போகிறான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

இரண்டு வாரத்தில் அவள் வீட்டிலேயே திருடன் புகுந்தான். பீரோவில், மகளின் கல்யாணத்துக்கென்று ஒவ்வொன்றாகச் சேர்த்த நகை, சுற்றி வைத்த துணியோடு மாயமாகியிருந்தது. வாசலில் தொங்கியது அவள் கடைப் பூட்டுதான். அதில் ஒரு கீறல் கூட இல்லை. மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வந்தார்கள், காபி குடித்தார்கள், போனார்கள். பிறகு அவர்கள் போனை எடுக்கவே இல்லை. மகள் அழவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே அவள் ராத்திரிகளைக் கழித்தாள்.

அடுத்த வியாழக்கிழமை டீச்சர் வீடு. அங்கேயும் பூட்டு உடையவில்லை.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. அன்று மாலை வெல்டிங் பட்டறையில் தெரு கூடியது. கூட்டியவன் அவள் கூடப் பிறந்த தம்பி. பஸ் டிரைவர், வாட்டசாட்டமான ஆள், குரலும் ஹாரன் மாதிரி.

"அக்கா, நீதான் சொல்லணும். உடைக்காம எப்படித் திறந்தான்?"

அந்தக் கேள்வி வந்தபோது அவளுக்கு மூன்று பெட்டிகள் ஞாபகம் வந்தன. வந்த வேகத்தில் அந்த ஞாபகத்தின் கழுத்தை நெரித்தாள்.

"கள்ளச்சாவி" என்றாள். "எவனோ சாவியைக் கையில வாங்கி அச்செடுத்திருக்கான். வீட்டுக்குள்ள வந்து போற ஆளு."

"பிடிச்சா ஸ்டேஷனுக்குக் கொண்டு போகணுமா?" தையல்காரர் கேட்டார்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பறிகொடுத்தவள் அல்லவா! அவள் கண் முன்னே மகளின் முதுகு தெரிந்தது.

"எதுக்கு? அவங்க எழுதிக்கிட்டே இருப்பாங்க. திருடின கை இனிமே எதையும் தொடக் கூடாது. அவ்வளவுதான்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்!

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தம்பி கடைக்கு ஓடி வந்தான். சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டு தெறித்துப் போயிருந்தன. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"மாட்டிட்டான்க்கா! வா, நீ பாத்துச் சொன்னா முடிஞ்சிடும்."

"யாருடா?"

"ஃபேன்காரன்."

மின்விசிறி ரிப்பேர் செய்கிறவர். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகிறவர். மனைவி இல்லை, ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. 'அக்கா, உங்க ஃபேன் ராத்திரியில முனகுதா? எங்கிட்ட சொல்லுங்க, வாயை அடைச்சிடறேன்' என்று சிரிப்பு காட்டுகிற மனுஷன்.

பட்டறையில் பத்துப் பதினைந்து ஆண்கள். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வெல்டிங் மேஜையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் ஒன்று உண்டு. கைப்பிடியைத் திருகத் திருக அதன் தாடைகள் நெருங்கும். அதன் பக்கத்தில் ஃபேன்காரரைத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். உதடு கிழிந்திருந்தது. இடது கை விரல்கள் வீங்கி, யாருடைய விரல்களோ போலக் கிடந்தன. மேஜைமேல் டீச்சர் வீட்டுப் பூட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். டீச்சர் ஒரு மூலையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"இவங்க வாசல்ல நின்னுகிட்டிருந்தான்" என்றார் வெல்டர். "சட்டைப் பையைத் தடவினா சாவி. பூட்டுல போட்டோம். வெண்ணெயில கத்தி போன மாதிரி திறந்துச்சு."

"ரெகுலேட்டர் குடுக்க வந்தேன்" ஃபேன்காரர் குரல் கம்மியது. "அது என் வீட்டுச் சாவி. வேணும்னா என் வீட்டுப் பூட்டுல போட்டுப் பாருங்க."

"போட்டா திறக்கத்தான் செய்யும். உன் வீட்டையும் திறக்கும், ஊரான் வீட்டையும் திறக்கும். சாவின்னா இதுல்ல சாவி!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

சிலர் சிரித்தார்கள்.

தம்பி சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தான். "பாருக்கா. கள்ளச்சாவிதானே? ஒரு வார்த்தை சொல்லு."

அவள் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. விரல் பட்டதும் தெரிந்துவிட்டது. அரம் போட்டு வெட்டிய சாவியின் பல்லில் சொரசொரப்பு இருக்கும். இது வழுவழுவென்று இருந்தது. கம்பெனிச் சாவி. தலையில் குத்தியிருந்தது: ஏழு.

இவருக்கு விற்றதும் அவள்தான். டீச்சருக்கு விற்றதும் அவள்தான். அவள் கடையின் பூட்டு ஒரே ஒரு திருடனுக்கு அல்ல, தெருவுக்கே வாசலைத் திறந்துவிட்டிருந்தது.

சொன்னால் என்ன ஆகும்? 'உன் பூட்டாலதான் எல்லாம் போச்சு' என்று இதே கூட்டம் அவள் கடையை உடைக்கும். பிறகு யார் அவளிடம் ஒரு சாவிக்கு வருவார்கள்? மகள் கதி? சொல்லாவிட்டால் ஒரே ஒரு தலையசைப்பு போதும். எல்லாம் முடிந்துவிடும்.

வெல்டர் வைஸின் கைப்பிடியைச் சுழற்றித் தாடைகளைத் திறந்து வைத்தார். எண்ணெய் போட்டிருப்பார் போல. சத்தமே இல்லை.

"வலது கை" என்றார், வேலை சொல்கிற குரலில்.

ஃபேன்காரர் அவளைப் பார்த்தார். "அக்கா... என் பாப்பாவுக்கு நான்தான் தலை பின்னி விடணும்க்கா."

அவள் சாவியை விரல்களுக்குள் மூடிக்கொண்டாள்.

"விடுங்க அவரை" என்றாள். "இது கள்ளச்சாவி இல்ல. கம்பெனி சாவி. நான் வித்ததுதான்."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். பெட்டி, நம்பர், புருஷன் வைத்த கட்டுப்பாடு, அன்று காலை கடை வாசலில் நின்ற கூட்டம், மூன்று பெட்டி. எல்லாவற்றையும் கொட்டினாள். யாரும் அசையவில்லை. அவர்கள் முகத்தில் இரக்கம் தெரியவில்லை. ஏமாற்றம்தான் தெரிந்தது, பந்தியில் உட்கார வைத்து எழுப்பிவிட்ட மாதிரி.

"அக்கா பயப்படுது" என்றார் தையல்காரர். "அவன் மூஞ்சியைப் பாத்து மனசு இளகிடுச்சு."

"இளகலங்க. நிரூபிக்கறேன். உங்க சாவியெல்லாம் எடுங்க. ஏழாம் நம்பர் இன்னும் ஒருத்தர்கிட்ட இருக்கு. மூணு பெட்டிக்கு மூணு ஏழு."

அங்கேதான் அவள் மறுபடியும் தவறினாள். உயிரைக் காப்பாற்றுகிற அவசரத்தில், காட்டுகிற விளக்கு யார் கூரையில் பற்றும் என்று யோசிக்கவில்லை.

ஆளாளுக்குச் சாவிக்கொத்தை எடுத்துப் புரட்டினார்கள். மூன்று. பதினொன்று. ஐந்து. வெல்டருடையது இரண்டு. தம்பி எடுக்கவில்லை.

"என்னுது எதுக்கு?" என்றான் சிரித்துக்கொண்டே.

"எடுடா, எல்லாரும் எடுக்கறாங்கல்ல."

எடுத்தான். பஸ் படம் போட்ட வளையத்தில் ஒற்றைச் சாவி. அவளே வாங்கி, அவளே டீச்சர் வீட்டுப் பூட்டில் போட்டுத் திருகினாள். கொக்கி துள்ளித் திறந்தது.

"பாத்தீங்களா? ஏழு. இதுவும் திறக்குது. இப்ப என் தம்பியும் திருடனா?"

வெற்றிப் பெருமையோடு நிமிர்ந்து பார்த்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. பூட்டையும் பார்க்கவில்லை. அத்தனை கண்களும் தம்பி மேல் இருந்தன.

"போன வியாழக்கிழமை உனக்கு லீவுதானே?" வெல்டர் மெல்லக் கேட்டார்.

"ஆமா. அதுக்கென்ன?"

"எங்க இருந்த?"

"வீட்டுலதான். தூங்கிட்டிருந்தேன்."

"யாரு பாத்தா?"

"என் வீட்டுக்காரி அவ அம்மா வீட்டுக்குப் போயிருந்தா. அண்ணே, என்ன கேக்கறீங்க? கூட்டத்தைக் கூட்டினதே நான்!"

"அதான் யோசிக்கறேன்" என்றார் தையல்காரர். "முதல் ஆளா குதிச்சது நீதான். இவனைக் காட்டிக்கொடுத்ததும் நீதான்."

"அக்கா வீடு உள்ளும் புறமும் இவனுக்குத் தெரியும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "பீரோ எங்க இருக்குன்னு கூடத் தெரியும்."

"டேய், அது என் மருமக நகைடா!"

"நான் சொன்னது புரியலையா உங்களுக்கு? ஒரே நம்பர்னா யார் சாவியும் யார் வீட்டையும் திறக்கும்னுதானே சொன்னேன்! என் வீட்டுப் பூட்டு ஏழு கூட இல்ல. நாலு!" என்று கத்தினாள். கேட்க அங்கே காது இல்லை. அதைவிடக் கொடுமை, அவள் மனதுக்குள்ளேயே ஒரு கணம், ஒரே ஒரு கணம், 'நாலாம் நம்பர் யாரிடம் இருக்கிறது, அது இவன் கைக்கு வந்திருக்குமோ' என்ற எண்ணம் எட்டிப் பார்த்தது. தான் தூக்கி வளர்த்த பிள்ளை மேல்! அந்த எண்ணத்தைத் தம்பி அவள் முகத்தில் படித்துவிட்டான். அவன் சிரிப்பு அணைந்தது.

கூட்டம் இடம் மாறியது. யாரும் ஓடவில்லை, கத்தவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தார்கள். ஃபேன்காரரைச் சுற்றியிருந்த வளையம் தம்பியைச் சுற்றி வந்துவிட்டது. தரையில் கிடந்தவரை அவர்கள் மறந்தே போனார்கள்.

டீச்சர், "வேணாம், எனக்குப் போனது போகட்டும், விட்டுடுங்க" என்று விம்மினாள். "நீங்க வீட்டுக்குப் போங்க டீச்சர்" என்று யாரோ மரியாதையாகச் சொல்லி, கையைப் பிடித்து வெளியே கொண்டு போய் விட்டார்கள்.

சாவிக்கார அக்கா ஃபேன்காரரிடம் குனிந்தாள். அவர் சாவியை அவர் சட்டைப் பையில் போட்டாள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கி ஷட்டர் வரைக்கும் நடத்தினாள்.

"தெருக்கோடியில வலது பக்கம் திரும்பினா ஸ்டேஷன். ஓடுங்க. ஆளைக் கூட்டிட்டு வாங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

அவர் குனிந்து ஷட்டருக்கு அடியில் வெளியே போனார். வெயிலில் ஒரு கணம் கண் கூசி நின்றார். பிறகு, வீங்கிய கையை மார்போடு அணைத்துக்கொண்டு, நொண்டி நொண்டி நடந்தார்.

அவள் மண்டியிட்டு அந்த இடைவெளி வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் தம்பியின் சட்டை கிழிகிற சத்தம் கேட்டது.

தெருக்கோடியில் ஃபேன்காரர் நின்றார். வலது பக்கம் பார்த்தார். திரும்பிப் பட்டறையைப் பார்த்தார். அவர் வீடு இடது பக்கம். அங்கே கதவைப் பூட்டி உள்ளே வைத்துவிட்டு வந்த ஆறு வயதுக் குழந்தை.

இடது பக்கம் திரும்பினார்.

அவருக்குச் சாபம் கொடுக்க அவளுக்கு வாய் வரவில்லை. எழுந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகினாள். கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு உள்ளே புகுந்து, தம்பியின் முன்னால் போய் நின்று, தன் வலது கையை வைஸின் திறந்த தாடைகளுக்கு நடுவே வைத்தாள்.

"வித்தவ நான்" என்றாள். "திருகுங்க."

யாரோ ஷட்டரை முழுவதுமாகக் கீழே இறக்கினார்கள்.