ஊராருக்கென்று எழுதிய வரி

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில், புகைப்பழக்கத்தின் கேடுகளைச் சொல்லும் துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தமிழாக்கினேன். பனிக்காலம். யன்னல்களைப் பூட்டி, சிகரெட் புகைத்தபடியே எழுதினேன். அருகில் மனைவி இருமிக்கொண்டே தைத்துக்கொண்டிருந்தாள்.

சில மாதங்களில் அவளுக்கு மூச்சிழுப்பு வந்தது. நகரின் அஜின்கோர்ட் பகுதியில் டொக்டருக்காகக் காத்திருந்தபோது, மேசையில் கிடந்த அதே பிரசுரத்தை எடுத்து வாசித்தாள். "பக்கத்தில் இருப்பவரின் நுரையீரலையும் புகை கெடுக்கும்" என்ற வரியில் அவள் விரல் நின்றது.

"உது நீங்கள் எழுதினதெல்லோ?"

"ஓம்."

"எனக்கும் விளங்குற மாதிரி வடிவா எழுதியிருக்கிறியள்."

அவள் குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே பெருமைப்பட்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சிகரெட்டை அன்றே நிறுத்தினேன். அவளுடைய இழுப்பு கடைசிவரை மாறவில்லை. அந்த வரியை எழுதும்போது, அது ஊராருக்கென்றே நினைத்திருந்தேன்.