பெறுநர் என்ற இடத்தில் யாரை எழுதுவது?

மனு எழுதும் வேலையில் எழுத்து பாதிதான். அதை யாருக்கு எழுதுவது என்று கண்டுபிடிப்பது மீதி. ஒரு சான்றிதழுக்காக நாலு ஆபீஸ் படி ஏறி இறங்கிய உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் தாலுகா ஆபீசுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை ஓரமாக மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த மேசைக்கு வந்த சிலருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

எந்த ஆபீஸ்?

ஆரோக்கியமேரிக்குத் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு தெருவில் வீடு. கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறார். தெரு போர்வெல்லில் தண்ணீர் மஞ்சளாக வந்து, பிள்ளைகளுக்குச் சொறி கண்டிருந்தது. ஓர் ஆபீசில் தொழிற்பேட்டையைக் கேட்கச் சொன்னார்கள். அங்கே பஞ்சாயத்தைக் காட்டினார்கள். பஞ்சாயத்தில் மறுபடி முதல் ஆபீசுக்கே அனுப்பினார்கள். “பெறுநர்னு யாரைப் போடட்டும்?” என்று கேட்டேன்.

“கவர்மென்ட்டுன்னு போடுக்கா. கம்பெனிக்கு நெலம் எடுக்க வந்தப்ப ஒரே கவர்மென்ட்டாத்தானே வந்தாங்க? உள்ளார யாருன்னு அவங்களே தேடிக்கட்டும்.”

மேசைமேல் ஒரு டம்ளர்

அப்படியே எழுதிக் கொடுத்தேன். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். அடுத்த குறைதீர் கூட்டத்துக்கு நானும் கூடப் போனேன். மேரி பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றி அதிகாரி முன்னால் வைத்தார். பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எங்களை வெளியே போகச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். அந்த அதிகாரி அம்மா புதிதாக மாற்றலாகி வந்தவர். டம்ளரை எடுத்து மோந்து பார்த்தார். பிறகு தன் ஆட்கள் பக்கம் திரும்பிச் சொன்னார்: “இன்னிக்கே லாரித் தண்ணி போகட்டும். யார் பொறுப்புன்னு நாளைக்குச் சண்டை போட்டுக்கலாம்.”

நன்றிக்கு ஒரு மனு

லாரி வந்தது. சில மாதங்களில் குழாயும் வந்தது; கழிவை விட்ட கம்பெனிக்கு நோட்டீஸ் போனது. மேரி மறுபடி வந்து உட்கார்ந்ததும் இன்னொரு புகாரோ என்று நினைத்தேன். அவர் கேட்டதோ அந்த அதிகாரிக்கு ஒரு நன்றிக் கடிதம்! இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. எப்படித் தொடங்குவதென்றே தெரியவில்லை. ஒருவழியாக எழுதி, வாசித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நல்லா கீதுக்கா. கீழ ஒரு வரி சேரு: போரு தண்ணி இன்னும் மஞ்சளாத்தான் வருது.”

வெயிலுக்கு யார் பொறுப்பு?

முருகேசன் ராமநாதபுரத்துக்காரர். மழை இல்லாமல் விவசாயம் போனதால், ஒரகடத்தில் கார் கம்பெனி உற்பத்தி லைனில் வேலைக்கு வந்தவர். தகரக் கூரை அறையில் வாசம். சித்திரை வெயிலில் பஸ்ஸுக்கு நின்றவர் மயங்கி விழுந்துவிட்டார். நிறுத்தத்துக்கு நிழற்குடை கேட்டு ஒரு மனு. கூடவே இன்னொன்றும் எழுதச் சொன்னார்: இவ்வளவு காலம் பூமி சூடாகும்படி அதிகமாகப் புகை விட்ட பணக்கார நாட்டு அரசாங்கங்களுக்கு! போனில் அதைப் பற்றிப் படித்திருந்தாராம். சிரிக்காமல் எழுதினேன். விலாசம் தெரியாததால் தில்லி வழியாக அனுப்பினோம்.

நிழற்குடை வந்துவிட்டது. அதைச் சொல்வதற்கென்றே ஷிப்ட் முடிந்து நேராக வந்தார். மற்ற மனுவுக்குப் பதில் இல்லை என்றேன்.

“இருக்கட்டும்க்கா, நிழலுக்கு ரொம்ப நன்றி. நாங்க செய்ற காரு கப்பலேறிப் போயிருது, சூடு மட்டும் எங்ககூடவே தங்கிருது. அந்த மனுவோட காப்பியப் பத்திரமா வச்சிருங்க.”

நான் எழுதிய மனுக்களுக்கு ஒரு தெருவில் குழாயும் ஒரு நிறுத்தத்தில் நிழலும் கிடைத்திருக்கின்றன. உலகம் மட்டும் இன்னும் ஒப்புகைச்சீட்டு தரவில்லை.