கைப்பிடிக்குள் ஒன்பது தீக்குச்சிகள்

போன வெள்ளிக்கிழமை எண்பது கிலோ எடையுள்ள ஒரு ஜெர்மன் அம்மையார் என் கத்தியின் மேல் ஏறி நின்றார்.

பதறாதீர்கள். கத்தியின் அலகு ஒரு மரத்தூணுக்குள் முக்கால்வாசி இறங்கியிருந்தது. வெளியே படிக்கட்டு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடியின் மேல்தான் நின்றார். நின்றதோடு விட்டாரா? ஒரு குதி குதித்தார்! பக்கத்தில் நான் மூச்சை அடக்கிக்கொண்டு… அந்த ஒரு குதியில் என் படிப்பே தொங்கிக்கொண்டிருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கே ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் நான் மெஷின் டிசைன் படிப்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் கால் வைத்தவன் நான் என்பதும் தெரியும். எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அது அலுப்பதில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். பரீட்சையெல்லாம் முடிந்துவிட்டது. பாக்கி, கடைசி ஆறு மாத ஆய்வு. அதை ஏதாவது ஒரு கம்பெனியில் செய்ய வேண்டும். மாதக் கடைசிக்குள் இடம் கிடைக்காவிட்டால் ஒரு செமஸ்டர் போச்சு.

நான்கு கம்பெனிகள் மறுத்துவிட்டன. ஜெர்மன்காரர்கள் மாதிரி மரியாதையாக மறுக்க யாராலும் முடியாது. கடிதத்தைப் படித்து, மனசுக்குள் நன்றியும் சொன்ன பிறகுதான் இடம் இல்லை என்பதே உறைக்கும்.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. கெல்சென்கிர்ச்சன் என்ற ஊரில், காடு மலை சுற்றுகிறவர்களுக்குக் கருவிகள் செய்கிற ஒரு சின்னப் பட்டறை. முதலாளி ஃப்ராவ் லிண்ட்னர், அதாவது திருமதி லிண்ட்னர். மேலே குதித்தாரே, அவரேதான்.

"எதை ஆராயப் போகிறாய்?" என்று கேட்டார்.

"கைப்பிடி குடைந்த சர்வைவல் கத்தி!" என்றேன். ஆர்வக்கோளாறு.

சிரித்தார். அதுவும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு!

ஏன் சிரித்தார் என்று சொல்கிறேன். காட்டில் தனியாக மாட்டிக்கொண்டால் உதவுகிற கத்தி இது. கைப்பிடிக்குள் குழாய் மாதிரி ஓர் அறை, அதற்கு ஒரு மூடி. உள்ளே தீக்குச்சி, ஊசி, மீன் பிடிக்கிற நைலான் என்று ஒரு குட்டிக் குடும்பமே நடத்தலாம். பார்க்க அமர்க்களமாக இருக்கும். ஒரே ஒரு குறை. உடைந்துவிடும்.

"கைப்பிடி ஒரு குழாய். அலகு ஒரு தகடு. இரண்டையும் சேர்த்தால், சேர்த்த இடத்தில் உடையும். இது சினிமாக்காரர்களுக்கான சாமான்," என்றார் ஃப்ராவ் லிண்ட்னர். "உடையாத ஒன்றைச் செய்துகொண்டு வா. மூன்று வாரம் தருகிறேன். உடையாவிட்டால் இடம் உனக்கு."

வெளியே வந்ததும் துஷிக்குத்தான் போன் அடித்தேன். துஷ்யந்தன் என் நண்பன், என் வயசுதான். பெற்றோர் யாழ்ப்பாணம், பிறந்து வளர்ந்தது கெல்சென்கிர்ச்சன். ஒரு மெஷின் ஷாப்பில் லேத் ஓட்டுகிறான். சொந்த வேலைக்கு மெஷினைத் தொடக் கூடாது என்று சொல்லாத நல்ல முதலாளி அவனுக்கு வாய்த்திருக்கிறார்.

"விசரே உனக்கு?" என்றான் துஷி, பைத்தியமா என்கிற அர்த்தத்தில். "கத்திக்குள்ள ஓட்டையும் போட வேணும், உடையவும் கூடாதெண்டால் எப்பிடி மச்சான்?"

"ஓட்டை போடுறதும் நான், உடையாம பாத்துக்கறதும் நான்."

"அப்ப லேத்தில நிக்கிறது ஆரு? உன்ர மாமனோ?"

ஆனாலும் வந்தான்.

முதல் கத்தியை ஊரெல்லாம் செய்கிற முறையிலேயே செய்தோம். குழாய், அலகு, நடுவில் வெல்டிங். பளபளவென்று வந்தது. சோதித்துப் பார்க்க வேண்டாமா? இந்த ஊரில் இப்போது தெருவுக்குத் தெரு பூசணிக்காய் சீசன். சாம்பாருக்கு ஆச்சு என்று ஒன்று வாங்கி வந்து ஓங்கி ஒரு போடு போட்டேன்.

அலகு பூசணிக்காயில். கைப்பிடி என் கையில்.

துஷி தரையில் உட்கார்ந்தே சிரித்தான். "பூசணி வெண்டிட்டுது, நீ தோத்திட்டாய் மச்சான்!"

உடைந்த இடத்தை நோட்டில் படம் வரைந்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் முறைத்தேன். மூன்றாம் நாள் பல் விளக்கும்போது பொறி தட்டியது. சேர்க்கிற இடத்தில்தானே உடைகிறது? சேர்க்கவே சேர்க்காவிட்டால்?

ஒரே உருட்டுக் கம்பி. முன்பாதியைச் செதுக்கினால் அலகு, பின்பாதியைக் குடைந்தால் கைப்பிடி. ஒட்டும் இல்லை, வெல்டிங்கும் இல்லை. துளையின் அடியை மட்டும் சப்பையாக விடாமல் கிண்ணம் மாதிரி உருட்டி முடிக்க வேண்டும், ஏனென்றால் விரிசல் எப்போதும் கூர்மையான மூலையில்தான் குடி வரும்.

"உது நல்ல யோசினை," என்றான் துஷி. அவன் வாயிலிருந்து அப்படி வருவது அபூர்வம். உடனே சமன் செய்துவிட்டான்: "பிழைச்சால் நான் உன்னைத் தெரியாதெண்டுதான் சொல்லுவன்."

அடுத்தது பிடி. உருண்டைக் கைப்பிடி கையில் சுழலும். ஓங்கி வெட்டினால் அலகு ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். முட்டை வடிவம்தான் கைக்கு வசதி. ஆனால் எவ்வளவு முட்டை?

இங்கேதான் துஷியின் அம்மா வருகிறார். எனக்கு அவர் அன்ரி. அவர் ரொட்டிக்குப் பிசைந்து மூடி வைத்திருந்த மாவை எடுத்து, ஒரு குழாயைச் சுற்றி அப்பி, வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லாரையும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னோம். ஒவ்வொரு பிடியையும் அளந்து நோட்டில் எழுதினேன். என்ன துல்லியம் தெரியுமா? விரல் ரேகை வரைக்கும் விழுந்தது!

"தம்பி, மாவு பிசையிறது சாப்பிடுறதுக்கு. கை குலுக்குறதுக்கில்லை," என்றார் அன்ரி, அடுக்களை வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு. "அளந்து முடிஞ்சுதெண்டால் தாங்கோ. நாலு பேருக்குப் பசிக்குது."

அன்றைக்கு என் டிசைனைச் சுட்டு, சம்பலோடு சாப்பிட்டோம்.

அளவு கிடைத்துவிட்டது. வெளியே முட்டை, உள்ளே வட்டத் துளை. அப்படிச் செய்தால் மேலும் கீழும் சுவர் தடிப்பாக நிற்கும். வெட்டும்போது பாரம் வந்து விழுவதும் அங்கேதான்! கைக்குச் சுகமான வடிவமே கத்திக்கும் பலம். இதைக் கண்டுபிடித்த அன்று டிராமில் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன். எதிர் சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் போனார்.

அலகை மட்டும் பன்னிரண்டு சென்டிமீட்டருக்குள் அடக்கினோம். அதைத் தாண்டினால் இடுப்பில் செருகிக்கொண்டு நடமாட இந்த ஊர்ச் சட்டம் விடாது. உள்ளே சாமான்களை அடுக்கினேன். ஒன்பது தீக்குச்சி, உரசுகிற பட்டை, ஊசி, நைலான், இரண்டு தூண்டில் முள். பின்னால் ரப்பர் வளையத்தோடு மரை போட்ட மூடி. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது.

சோதனைக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு, பெருமையாகக் கத்தியைக் காட்டினேன்.

"ஏன்டா தம்பி, அருவா செய்யவா அம்புட்டு தூரம் போன?" என்றார் அம்மா. அப்புறம் உற்றுப் பார்த்தார். "அதென்ன, மூளியா நிக்குது? பொட்டு வையி."

சந்தனப் பொடியைக் குழைத்தேன். அலகில் வைத்தேன்.

"பிடிக்கு?"

வைத்தேன்.

"மூடிக்கு வைக்கலையே? நல்லா அப்பி வையிடா, கஞ்சப்பயலே."

மூடி சேருகிற இடத்தில் தாராளமாக அப்பி, மேலே குங்குமமும் வைத்தேன்.

"உள்ள என்னமோ இருக்குன்னியே, காட்டு."

மூடியைத் திருகித் திறந்து காட்டினேன். திருநீற்றுப் பொட்டலம் ஒன்று வைக்கச் சொன்னார், வைத்தேன். மறுபடி இறுக்கி மூடினேன். கத்தி மணமணவென்று மணந்தது. அம்மா அங்கிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குக் கண் கலங்கியது உண்மை. அந்த நேரத்தில் மூளை வேலை செய்யவில்லை என்பதும் உண்மை.

வெள்ளிக்கிழமை. கத்தியின் பொட்டுகளை மேலாகத் துடைத்து, பூட்டுப் போட்ட டூல்பாக்ஸில் வைத்து, கல்யாண நகை மாதிரி மடியில் அணைத்துக்கொண்டு போனேன். துஷி அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான்.

முதல் சோதனை, பீச் என்கிற கெட்டி மரத்தின் கட்டை. அலகைக் கட்டையின் மேல் வைத்து, அதன் முதுகில் மரச்சுத்தியால் அடிக்க வேண்டும். ஃப்ராவ் லிண்ட்னரே அடித்தார். நான்கு கட்டைகள் பிளந்தன. கத்தி அசையவில்லை.

இரண்டாவதுதான் அந்த ஏறுதல், அந்தக் குதி.

இறங்கினார். பூதக்கண்ணாடியை எடுத்து, அலகும் கைப்பிடியும் சேரும் இடத்தை நெடுநேரம் பார்த்தார். கைப்பிடியைக் கையில் பிடித்து இரண்டு தடவை வீசிப் பார்த்தார்.

"உடையவில்லை," என்றார். "கையில் நன்றாகவும் இருக்கிறது."

இந்த ஊரில் அது மேளதாளத்துக்குச் சமம்!

"காணும் மச்சான், இது போதும்," என்று காதுக்குள் சொன்னான் துஷி. "வாயை மூடிக்கொண்டு நில்."

நின்றேனா? இல்லை. "இன்னும் ஒரு சோதனை இருக்கு!" என்றேன். யாரும் கேட்கவில்லை, நானாகவே சொன்னேன். தண்ணீர் வாளியில் கத்தியைப் போட்டு, கால் மணி நேரம் ஊற வைத்து, எடுத்து, "இப்போது உள்ளே இருக்கிற தீக்குச்சியால் நெருப்பு மூட்டப் போகிறேன்," என்று மேஜிக்காரன் மாதிரி மூடியைத் திருகினேன்.

திருகினேன்…

வரவில்லை.

துஷி வாங்கித் திருகினான். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர மூடி நகரவில்லை. ஃப்ராவ் லிண்ட்னர் துணி சுற்றித் திருகினார். ம்ஹூம். பல்லிடுக்கில் சிக்கின பாக்கு மாதிரி மரைக்குள் எதுவோ இறுகிக் கிடந்தது. சந்தனப் பொடி என்பது என்ன? மரத்தூள். மரத்தூள் தண்ணீர் குடித்தால்? உப்பும். அதைக் கால் மணி நேரம் வாளியில் ஊறவும் வைத்தவன் யார்?

மூடியின் விளிம்பில் சிவப்பாக ஒரு கோடு வழிந்தது. ஃப்ராவ் லிண்ட்னர் அதை விரலால் தொட்டார். "இது என்ன?"

"துருவெண்டு சொல்லு," என்று தமிழில் கிசுகிசுத்தான் துஷி.

துருவா! துருப்பிடிக்காத எஃகு என்று விண்ணப்பத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். சந்தனம் வைத்தவன் என்று பெயர் வாங்கலாம், துருப்பிடிக்கிற எஃகை எடுத்தவன் என்று வாங்கக் கூடாது. உள்ளதைச் சொன்னேன். வருஷத்துக்கு ஒரு நாள் எங்கள் ஊரில் கருவிகளுக்குப் பொட்டு வைப்போம் — லாரிக்கு, லேத்துக்கு, கத்தரிக்கோலுக்கு, எல்லாவற்றுக்கும். அம்மா வைக்கச் சொன்னார். வைத்தேன்.

சிரிக்கவில்லை அவர். சிரித்திருந்தால் தேவலை.

மாதக் கடைசிக்கு இன்னும் எத்தனை நாள் என்று நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன்.

"உடையக் கூடாது என்பதுதான் நம் பேச்சு," என்றார் கடைசியில். "உடையவில்லை. இடம் உனக்கு. ஆனால் தலைப்பை மாற்று."

"என்ன தலைப்பு?"

"மூடி."

"ஆறு மாசமும்…?"

"ஆறு மாதமும். உன் வரைபடத்தில் மண் இல்லை, மரப்பிசின் இல்லை, மாவு இல்லை, உன் அம்மாவும் இல்லை. கத்தியை வாங்குகிறவனிடம் இதெல்லாம் இருக்கும்."

நான் ஆனந்தத்தில் அவரைக் கட்டிப்பிடிக்கப் போய், பாதியில் ஞாபகம் வந்து கையை மட்டும் நீட்டினேன். துஷி என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். பட்டறை முற்றத்தில் நாங்கள் போட்ட சத்தத்துக்கு அடுத்த கட்டட ஜன்னல் ஒன்று திறந்து, எங்களைப் பார்த்து, திரும்பச் சாத்திக்கொண்டது.

யோசித்துப் பாருங்கள். உடையும் உடையும் என்று எல்லாரும் சொன்ன இடத்தை மூன்று வாரம் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்த்தேன். அங்கே ஒன்றும் ஆகவில்லை. ஆசையாக அப்பி வைத்த இடத்தில் அல்லவா மாட்டிக்கொண்டது! நம் வீட்டு விவகாரங்களும் பாதி இப்படித்தான் இல்லையா?

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "இடம் கிடைச்சிருச்சுல்ல? அப்புறம் மூடியத் திறந்தா என்ன, திறக்காட்டி என்ன?" என்றார்.

கத்தி இப்போது ஃப்ராவ் லிண்ட்னரின் மேஜைமேல் இருக்கிறது. பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு தடவை திருகிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

உள்ளே ஒன்பது தீக்குச்சியும் நனையாமல் இருக்கின்றன என்று நான் சத்தியம் செய்கிறேன். பொய் என்று நிரூபிக்க இதுவரை யாராலும் முடியவில்லை!