கதையைத் தாண்டாதவன்

கதைக்காரியின் வயிற்றெரிச்சலை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவள் செய்த முட்டாள்தனம் யாருக்கும் புரியாது.

அவள் வேலை பார்த்தது ஒரு கேம் கம்பெனியில். லட்சக்கணக்கான பேர் அவரவர் வீட்டிலிருந்தபடியே ஒரு மாய ராஜ்யத்துக்குள் நுழைந்து, வாளும் மந்திரக்கோலுமாகச் சுற்றித் திரிகிற விளையாட்டு. அந்த ராஜ்யத்தின் கோட்டைகளுக்கு வரலாறு எழுதுவதும், ராஜாக்களுக்குச் சாபம் யோசிப்பதும், ஆட்டக்காரர்கள் துப்புத் துப்பாகப் பின்தொடர்ந்து போகும் 'தேடல்'களைக் கட்டுவதும் அவள் பொறுப்பு. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் கதைக்காரிதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

ஆனால் கதையை எந்தப் புண்ணியவான் படித்தான்? சாகக் கிடக்கும் கிழட்டுப் படைவீரன் தன் வாழ்க்கையைச் சொல்ல வாயைத் திறப்பான். திரையின் ஓரத்தில் 'தாண்டு' என்று ஒரு பொத்தான் இருக்கும். ஆட்டக்காரன் அதை அமுக்கிவிட்டு ஓநாய் வேட்டைக்குப் போய்விடுவான். அவள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய மரண வாக்குமூலம் அத்தோடு போச்சு.

"நீங்க எழுதறது மாத்திரை டப்பாக்குள்ள மடிச்சு வைக்கிற காகிதம் மாதிரிக்கா," என்பான் பக்கத்து மேசை புரோகிராமர். "இருந்தே ஆகணும். ஆனா படிச்சவன்னு ஒருத்தனைக் காட்டுங்க பாப்போம்."

யாரும் படிக்கப் போவதில்லை என்று ஆனபின் அலட்சியம் வராமல் என்ன செய்யும்? வந்தது. ஒளிந்து வாழும் ஒரு ராணியைத் தேடிப் போகும் கதை ஒன்று எழுத வேண்டியிருந்தது. ராணியின் வீட்டுக்கு ஒரு வழி வேண்டும். புதிதாக யோசிக்கச் சோம்பல்பட்டு, தனக்குப் பாடமாகத் தெரிந்த ஒரு வழியை அப்படியே எடுத்து வைத்தாள். அது அவளுடைய தங்கை வீட்டுக்குப் போகும் வழி.

அந்தத் தங்கையும் ஒளிந்துதான் வாழ்ந்தாள். கட்டியவன் அவள் மணிக்கட்டை முறித்த மறுநாள் ஒரே ஒரு பையோடு கிளம்பி, தூரத்து ஊரில் ஒரு லாண்டரியில் இஸ்திரி போடும் வேலையில் சேர்ந்திருந்தாள். முகவரி அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அக்கா என்ன செய்தாள்? ஊர்ப் பெயரில் ஓரெழுத்தை மட்டும் மாற்றி, பஸ் நிலையத்தைக் குதிரை லாயமாக்கினாள். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பாலங்களையும், ஓடாமல் நின்றுபோன மணிக்கூண்டையும் கை வைக்காமல் விட்டாள். மாடிக்கு ஏறும் இரும்புப் படியும், பாதிக்கு மட்டும் பச்சை அடித்த கதவும்கூட அப்படியே ராஜ்யத்துக்குள் போயின. கடைசிக் கதவு ஒரு சொல்லைக் கேட்கும். சரியாகச் சொன்னால்தான் திறக்கும். அந்தச் சொல்லுக்குத் தங்கையின் செல்லப் பெயரை வைத்தாள். பட்டாணி. ராணிக்குப் பட்டாணி என்று பெயர் வைத்ததில் அவளுக்கு ஒரே சிரிப்பு.

அப்போதுதான் ஒருவன் படிக்க ஆரம்பித்தான்.

ராஜ்யத்துக்குள் அவன் பெயர் ஒற்றைக்கொம்பன். எதையும் தாண்ட மாட்டான். குதிரை லாயத்தை விட்டு வெளியே வந்தால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், அந்தத் தெருவில் மழைத் தண்ணீர் தேங்குமா, ராணி எந்நேரம் வேலைக்குக் கிளம்புவாள் என்றெல்லாம் கருத்துப் பகுதியில் கேட்டான். கதைக்காரிக்குத் தலைகால் புரியவில்லை. விழுந்து விழுந்து பதில் எழுதினாள். தங்கைக்கு போன் போட்டும் பீற்றிக்கொண்டாள்.

"எனக்கு ஒரு வாசகர் கிடைச்சுட்டாருடி!"

"பாவம், வேலைவெட்டி இல்லாதவரு போல," என்று தங்கை சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

ஒருநாள் காலை புரோகிராமர் நாற்காலியோடு உருண்டு வந்தான். "அக்கா, உங்க கடைசிக் கதவு திறந்துருச்சு. அந்தப் பேருக்கான துப்பையே நாம இன்னும் வெளியிடலையே, எப்படி?"

"கண்டதையும் அடிச்சுப் பார்த்திருப்பாங்க."

"இல்லக்கா. ஒரே தடவைதான் அடிச்சிருக்காரு. பட்டாணின்னு. அந்த ஒற்றைக்கொம்பன்தான்."

அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அந்தப் பெயர் தெரிந்த அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பாக்கி அக்காவும் தங்கையும். அப்புறம் இன்னொருவன். கல்யாணத்தன்று புது மாப்பிள்ளையைக் கேலி செய்யும் சாக்கில் அவன் காதில் அந்தப் பெயரைப் போட்டவளே இவள்தான். 'நான் எழுதுற கேமை விளையாடிப் பாருங்களேன்' என்று அவனை அதற்குள் இழுத்துவிட்டவளும் இவளே. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டாள் என்பது இதுதான்.

லாண்டரிக்கு போன் அடித்தாள். "வீட்டுக்குப் போகாத. பையைக்கூட எடுக்க வேணாம். அப்படியே பஸ் ஏறு."

தங்கை ஏன் என்று கேட்கவில்லை. அக்காவின் குரலே போதுமானதாக இருந்தது.

மறுநாள் கீழ்வீட்டு அம்மாள் போனில் சொன்னாள்: "உங்க தங்கச்சியைத் தேடி ஒருத்தர் வந்தாரும்மா. சாயங்காலம் வரைக்கும் படியிலேயே உக்காந்திருந்தாரு. போகும்போது ஒரு பிடி பட்டாணி வச்சுட்டுப் போனாரு. புறாவுக்குன்னு நெனைக்கிறேன். நல்ல மனுஷன் போல."

காவல் நிலையத்தில் பொறுமையாகத்தான் கேட்டார்கள். "படியில உக்காந்ததுக்கும் பட்டாணி போட்டதுக்கும் என்ன கேஸும்மா எழுதறது?"

தங்கை இன்னொரு ஊருக்குப் போனாள். ஆனால் அவன் விடமாட்டான் என்று கதைக்காரிக்குத் தெரியும். அவனுக்கு இருக்கும் ஒரே வழி இவள் எழுத்து. அப்படியானால் அந்த எழுத்தாலேயே அவனை அலைய விடுவது என்று முடிவு செய்தாள். ராணி வடக்கே தப்பிவிட்டாள் என்று அடுத்த தேடலை எழுதினாள். தங்கை இருந்ததோ தெற்கே. இரண்டே நாளில் ஒற்றைக்கொம்பனின் குறிப்பு வந்தது.

'இந்தத் தெருவில் நீங்கள் நடந்ததே இல்லை, அக்கா. நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.'

அக்கா! கல்யாணத்திலிருந்து தங்கை புருஷன் அவளைக் கூப்பிட்டது அப்படித்தான். இனி ஒளிவுமறைவு இல்லை.

அதன்பின் அவள் விடுமுறை நாளெல்லாம் பஸ்ஸில் கழிந்தது. தங்கை இல்லாத ஊராகப் பார்த்துப் போவாள். தெருத்தெருவாக நடப்பாள். எந்தக் கடை வாசலில் நாய் படுத்திருக்கிறது, எந்தத் திருப்பத்தில் சாக்கடை நாறுகிறது என்று மனதில் ஏற்றிக்கொள்வாள். ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடு ஒன்றைத் தேடிப் பிடித்து, அதை ராணியின் வீடாக்குவாள்; அவன் போய்ப் பார்த்ததும் ராணி அடுத்த ஊருக்குத் தப்பிவிட்டதாக எழுதுவாள். அவன் நம்பினான். ஊர் ஊராக அலைவது அவன் குறிப்புகளிலேயே தெரிந்தது. தங்கைக்கு மெல்லத் தூக்கம் திரும்பியது.

வேடிக்கை என்னவென்றால், மற்றவர்களும் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "இப்பத்தான் உங்க எழுத்துல உயிர் இருக்கு," என்றார் மேலாளர். அவள் ஆசைப்பட்டதெல்லாம் இந்த ஒரு வார்த்தைக்குத்தான். இப்போது அதைக் கேட்கவே கசந்தது. வேறு கம்பெனி கூப்பிட்டும் போகவில்லை. கதையை நிறுத்தினால் அவன் வேறு வழி தேடுவான்.

கடைசியாக எழுதிய வீட்டில் ஒரு படி உடைந்திருந்தது. மேலே நீலத் தண்ணீர்த் தொட்டி. எழுதி முடித்த பிறகு அவளுக்கு மனசு என்னவோ போலிருந்தது. அவ்வளவு நல்ல வீடு எத்தனை நாளைக்குப் பூட்டியே கிடக்கும்? இந்த எண்ணம் அவளை அரித்தெடுத்தது. சரி, ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருவோம் என்று ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனாள்.

கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் துணி மட்டும். உடைந்த படிக்கு மேல்படியில் ஒரு பிடி பட்டாணி.

கையில் துடைப்பத்தோடு ஒரு பெண் வெளியே வந்தாள். தங்கை வயதுதான் இருக்கும். "யாருங்க வேணும்?"

கதைக்காரி பட்டாணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுவா? யாரோ தினமும் வச்சுட்டுப் போறாங்க. நானும் பெருக்கித் தள்ளிட்டே இருக்கேன். புறாக்கூட வர்றதில்ல இங்க," என்றாள் அந்தப் பெண். "குடி வந்து ஒரு வாரம்கூட ஆகல. எனக்கு இந்த ஊர்ல யாரையும் தெரியாதுங்க. தனியாத்தான் இருக்கேன்."

உண்மையைச் சொன்னால் அவனை அலைக்கழித்த கதை இன்றோடு முடிந்துவிடும். அவன் தங்கையின் பக்கம் திரும்புவான். சொல்லாவிட்டால் இந்தப் பெண். வாயைத் திறந்தால் பொய்யாகக் கொட்டும் கதைக்காரிக்கு அப்போது ஒரு பொய்கூட வரவில்லை. தன் தங்கையைக் காப்பாற்ற யார் வீட்டுப் பெண்ணையோ கொண்டுவந்து அவன் முன்னால் நிறுத்திவிட்டாள்.

தெருக்கோடியில் ஒரு பைக் வந்து நின்றது.

"உள்ள போம்மா. தாழ்ப்பாள் போட்டுக்கோ. போலீசுக்கு போன் பண்ணு."

"ஏங்க? என்னாச்சு? நீங்க யாரு?"

கதைக்காரி குனிந்து பட்டாணியை அள்ளி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "இது உனக்கு வச்சது இல்லம்மா," என்றாள். "எல்லாம் நான் எழுதினது. போ, கதவைச் சாத்து."

உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்ட பிறகு, உடைந்த படிக்கு மேல்படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள்.