எமெலியை அளந்தவர்கள்

தொரித்தாமா என்ற அந்தச் சின்ன ஊரில் ஜீன்ஸ் தைக்காத வீடு கிடையாது. இவானில்டாவும் சிறுமியாக இருக்கும்போதே தையல் மெஷினில் உட்கார்ந்தவள்தான். பின்பாக்கெட் தைப்பது அவள் வேலை. கணவன் வல்மிர் சலவைப் பட்டறையில் சாயத் தொட்டியருகே நிற்பவன். வீட்டுக்கு வரும்போது முழங்கை வரை நீலமாக இருப்பான். ஊரை ஒட்டி ஓடும் ஆறும் அப்படித்தான், பட்டறைகள் கழித்துவிடும் சாயத்தின் நிறத்தில் ஓடும். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்த அன்று பீப்பாய், வாளி, சட்டி என்று கையில் கிடைத்ததில் எல்லாம் பிடித்து வைத்துக்கொள்வார்கள். கொசுவுக்கு அதைவிட நல்ல இடம் வேண்டுமா?

வயிற்றில் பிள்ளை தங்கிய புதிதில் ஒருநாள் இவானில்டாவுக்கு உடம்பெல்லாம் சிவப்பாகத் தடித்து அரித்தது. லேசான காய்ச்சல். சுகாதார நிலையத்தில் ஏதோ ஒவ்வாமை என்றார்கள். அவளும் சொறிந்துகொண்டே பாக்கெட் தைத்தாள். இரண்டொரு நாளில் சரியாகிவிட்டது. அந்தக் காய்ச்சலுக்கு ஜிகா என்று பெயர், கொசு கடித்து வருவது, வயிற்றுப் பிள்ளையின் தலையைச் சிறுக்க வைப்பது என்பதெல்லாம் எமெலி பிறந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

பிறந்த குழந்தையை அவள் கையில் கொடுப்பதற்கு முன்பே ஒரு டாக்டர் அளவு நாடாவைக் கொண்டுவந்து தலையைச் சுற்றிப் பிடித்தார். பிறகு இன்னொருவர் வந்து அதே தலையை மறுபடி அளந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புருவத்துக்கு மேலே நெற்றி சட்டென்று பின்னால் சரிந்துபோன அந்த முகத்தை இவானில்டா முத்தமிட்டபோது, அறையில் இருந்த நர்ஸ் வெளியே போய்விட்டாள்.

அந்த வருடம் அந்தப் பக்கத்தில் அப்படிப் பிறந்த குழந்தைகள் ஏராளம். முதலில் டெலிவிஷன்காரர்கள் வந்தார்கள். அவர்கள் போனதும் ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். மூளைக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர், காதுக்கு, இடுப்பு எலும்புக்கு, விழுங்கும் குழாய்க்கு என்று ஆளாளுக்கு ஒரு பங்கு. நகராட்சி வேன் விடியுமுன் தாய்மார்களையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ரெசிஃபி ஆஸ்பத்திரிக்குப் போகும். பொழுது சாய்ந்த பிறகு கொண்டுவந்து விடும். வல்மிர் ஒரே ஒருமுறை அந்த வேனில் வந்தான். எமெலிக்கு ஒரு வயது முடிவதற்குள் வேலை தேடிப் போகிறேன் என்று சாவ்பாவ்லோவுக்கு பஸ் ஏறியவன் திரும்பவில்லை. "என்னால அதைப் பாத்துக்கிட்டு இருக்க முடியல" என்று தன் அம்மாவிடம் சொன்னானாம். இவானில்டாவிடம் அதைக்கூடச் சொல்லவில்லை.

வேனில் அவளுக்குக் கிடைத்தவள் ஜோசிமாரா. சுருபிம் ஊர்க்காரி, இவளைவிட இளையவள். மடியில் தாவி என்ற மகன். அவனுக்கும் அதே தலை, அதே விறைத்த கைகள். வழியெல்லாம் பேசி எல்லோரையும் சிரிக்க வைப்பாள்.

"போன தடவை ஒரு வெளிநாட்டுக்காரன் வந்தான்க்கா. தாவி கால் விரலைப் பாத்து 'ஓ'ன்னான். மூக்கைப் பாத்து 'ஓ'ன்னான். காலையிலேருந்து பட்டினின்னு நான் என் வயித்தைத் தட்டிக் காட்டினேன். அதுக்கு மட்டும் ஒண்ணும் சொல்லலை பாரு!"

"உனக்கு வயிறு சின்னதா இருந்திருந்தா அதையும் அளந்திருப்பான்டி" என்றாள் இவானில்டா.

ஆஸ்பத்திரியில் தாய்மார்களுக்குப் பெயர் கிடையாது. "அம்மா, இப்படி வாங்க", "அம்மா, பிள்ளையை நேராப் பிடிங்க" என்பார்கள். எமெலியின் ரத்தம், முதுகுத்தண்டில் இருந்து எடுத்த நீர், தலைக்குள் எடுத்த படங்கள் எல்லாம் போயின. முடிவு வந்ததும் கூப்பிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. ஒருநாள் வேனில் ஜோசிமாரா தன் போனை நீட்டினாள். ஏதோ ஒரு மருத்துவக் கட்டுரை. நடுவில் ஒரு குழந்தையின் படம், கண்களின் மேல் கறுப்புப் பட்டை.

"இது நம்ம எமெலியாக்கா? எனக்குச் சந்தேகமா இருக்கு."

இவானில்டா வெகுநேரம் பார்த்தாள். "கண்ணை மறைச்சுட்டா பெத்தவளுக்குத் தெரியாமப் போயிடுமா?" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள். அன்றோடு எந்த ஆராய்ச்சிக்கும் பிள்ளையைத் தருவதில்லை என்று முடிவு செய்தாள். மாத்திரை வாங்க மட்டும் போனாள். யாராவது நாடாவோடு பக்கத்தில் வந்தால் எழுந்து வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

எமெலிக்குப் பல் தாமதமாகத்தான் முளைத்தது, அதுவும் கோணல்மாணலாக. முளைத்த நாளிலிருந்து அவள் அரைக்கத் தொடங்கினாள். மெஷின் ஓடும்போது கேட்காது. நிறுத்தியதும் கேட்கும், கல்லோடு கல்லை வைத்துத் தேய்ப்பது போல. தூக்கத்திலும் நிற்காது. பல்லெல்லாம் பாதியாகத் தேய்ந்தன. கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துக்கொள்வாள். எச்சிலோடு ரத்தம் வடியும். வலித்தால் அழுவாள், அழுதுகொண்டே அரைப்பாள். ஆறேழு வருடம் இவானில்டா ஒருநாளும் முழுதாகத் தூங்கியதில்லை.

அப்போதுதான் தலித்தா வந்தாள். பல் டாக்டர், இளம்பெண், பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்பவள். ஆஸ்பத்திரி வராந்தாவில் இவானில்டாவின் முன்னால் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"உங்க பேரு என்ன?"

"எமெலியோட அம்மா."

"அது தெரியும். உங்க பேரு?"

இவானில்டா சொன்னாள். தலித்தா தான் செய்யும் ஆய்வை விளக்கினாள். தாடைத் தசையில் ஒரு ஊசி போட்டால் அது தளர்ந்து அரைப்பது குறையலாம். ஆனால் குறையுமா என்று இந்தப் பிள்ளைகளிடம் யாரும் சரியாகப் பார்த்ததில்லை. பாதிப் பிள்ளைகளுக்கு மருந்து, பாதிப் பிள்ளைகளுக்கு வெறும் உப்பு நீர். யாருக்கு எது என்று குலுக்கிப் போட்டு முடிவாகும். ஆய்வு முடியும்வரை தனக்கும் தெரியாது.

"அப்போ என் புள்ளைக்கு வெறும் உப்புத் தண்ணியைக் குத்தினாலும் குத்துவீங்க?"

"ஆமாக்கா."

"அதைச் சொல்லிட்டுக் குத்தற மொத ஆளு நீதான்" என்றாள் இவானில்டா. ஆனாலும் மாட்டேன் என்றுதான் எழுந்தாள். ஜோசிமாரா கையைப் பிடித்து இழுத்தாள். "சேருக்கா. தாவியைச் சேத்துட்டேன். ரெண்டு பேரும் சேந்தே வருவோம். அந்தச் சத்தத்தை இன்னும் எத்தனை வருஷம் கேட்டுக்கிட்டு இருப்பே?"

ஊசி போட்டபோது எமெலி வீறிட்டாள். பிறகு சில வாரங்கள் ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம் அரைப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒருநாள் இவானில்டா மெஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள். சத்தமே இல்லை. பதறிப்போய் ஓடிப் பார்த்தால் பிள்ளை வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவளும் கட்டையைப் போலத் தூங்கினாள்.

வேனில் எல்லோரிடமும் சொன்னாள். தலித்தாவிடம் போனில் சொன்னாள். "இப்பவே எதுவும் சொல்ல முடியாதுக்கா" என்று அவள் சொன்னாலும் குரலில் சந்தோஷம் தெரிந்தது. தாவி மட்டும் முன்போலவே அரைத்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு மருந்து, எனக்கு உப்பு. என் ராசி அப்படி" என்று ஜோசிமாரா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் வழக்கமான கலகலப்பு இல்லை.

எமெலி இப்போது அழுவதும் குறைந்துவிட்டது. பகலிலும் தூங்கினாள். நெஞ்சோடு அணைத்தால் முன்பெல்லாம் வில்லாக விறைப்பவள் இப்போது துணிபோலச் சாய்ந்தாள். வலி போன நிம்மதி என்றுதான் இவானில்டா நினைத்தாள். விழுங்க முடியாத பிள்ளைக்கு வயிற்றில் போட்டிருந்த குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றிக்கொண்டே அவளுக்குப் பாட்டுப் பாடினாள். ஜூன் மாதம் வந்தது. சான் ஜோவாவ் திருவிழாவுக்குத் தெருவெங்கும் வீட்டுக்கு வீடு நெருப்பு மூட்டினார்கள். அந்தப் புகையில்தான் இருமல் வந்தது என்று பக்கத்து வீட்டுக்காரிகள் சொன்னார்கள். இருமல்கூட அல்ல, இருமப் பார்த்து முடியாமல் விடுகிற மாதிரி ஒரு சத்தம்.

முதலில் கருவாரு ஆஸ்பத்திரியில் சேர்த்து, அங்கிருந்து ரெசிஃபிக்கு அனுப்பினார்கள். நுரையீரல் முழுக்கச் சளி. "பல மாசமாவே உடம்பு தளர்ந்துக்கிட்டு வந்திருக்கும்மா. இருமித் துப்பக்கூடத் தெம்பில்லை. வீட்டுல எதுவும் கவனிக்கலையா?" என்று வார்டு டாக்டர் கேட்டார். மறுநாள் காலையில், மகளின் மோவாயில் வழிந்த எச்சிலை இவானில்டா துடைத்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றது. துடைத்த துணியை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

வராந்தாவில் மூளை ஆராய்ச்சிக்காரர் ஒருவர் அவளிடம் வந்தார். நரைத்தவர், மரியாதையாகத்தான் பேசினார். பின்னால் தலித்தா அழுது சிவந்த முகத்தோடு நின்றாள். பிள்ளையின் மூளையை ஆய்வுக்குத் தந்தால் மற்றப் பிள்ளைகளுக்கு உதவும் என்றார் அவர்.

"அவ பொறந்த அன்னைக்கு என் கையில குடுக்கறதுக்கு முன்னாடி அளந்தீங்க" என்றாள் இவானில்டா. "இப்பவாவது மொதல்ல என் கையில குடுங்க."

"கட்டாயமில்லைம்மா. யோசிச்சு…"

"யோசிச்சாச்சு. தர மாட்டேன்."

தொரித்தாமாவில் அடக்கம் செய்தார்கள். தெருப் பெண்கள் நீல நூல் ஒட்டிய உடுப்போடேயே வந்து நின்றுவிட்டு, சரக்கு அனுப்ப வேண்டிய நாள் என்பதால் அப்படியே மெஷினுக்குத் திரும்பினார்கள். ஜோசிமாரா தாவியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அன்று ஒன்றும் கேட்கவில்லை. சில நாள் கழித்துத் தனியாக வந்தாள்.

"ஏன்க்கா குடுக்கலை?"

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காதே. டாக்டர் சொன்னாரு. இந்த வியாதி உள்ளே என்ன பண்ணுதுன்னு அவங்களுக்கே தெரியாதாம். உன் புள்ள போயிட்டா. எனக்கும் வருத்தந்தான். ஆனா என் புள்ள இருக்கானே? நாளைக்கு அவனுக்கு என்ன ஆகும்னு அதைப் பாத்துத் தெரிஞ்சிருக்கலாமே?"

"உன் தாவிக்காக என் எமெலி தலையைப் பொளக்கணுமா?"

"செத்த புள்ளைக்கு வலிக்குமா?" என்று கேட்டுவிட்டாள் ஜோசிமாரா. கேட்டதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இவானில்டா எழுந்து கதவைத் திறந்து பிடித்தாள். வந்தவள் போனாள்.

பல மாதங்கள் கழித்து ஒரு மதியம் தலித்தா பஸ்ஸில் வந்து இறங்கினாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது. இவானில்டா தைப்பதை நிறுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஆய்வு முடிஞ்சுதுக்கா. யாருக்கு என்ன போட்டோம்னு பிரிச்சுப் பாத்துட்டோம். நேர்ல சொல்லணும்னு வந்தேன்."

"சொல்லு."

"எமெலிக்குப் போட்டது உப்பு நீர்தான்."

இவானில்டாவுக்கு முதலில் புரியவில்லை. "அப்போ எப்படி நின்னுச்சு?"

தலித்தா மடியில் இருந்த தன் கைகளையே பார்த்தாள். "அரைக்கிறதுக்கும் தெம்பு வேணும்க்கா. அவ அப்பவே தளர ஆரம்பிச்சிருக்கா. குறைஞ்சதுன்னு நீங்க போன்ல சொன்னப்போ நான் பல்லைப் பத்தி மட்டும் கேட்டேன். இருமத் தெம்பு இருக்கா, மூச்சு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா பொழைச்சிருப்பாளா?"

"தெரியலை. கொஞ்ச நாள் கூட இருந்திருக்கலாம். இருக்காமலும் போயிருக்கலாம்."

பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக அணைந்துகொண்டிருந்த அந்த வாரங்களில்தான், எமெலி பிறந்த பிறகு முதல்முறையாகத் தான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறோம் என்று இவானில்டாவுக்குத் தோன்றியது. பாட்டுப் பாடியது நினைவுக்கு வந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

"தாவிக்கு?"

"மருந்து. ஆனா பலன் இல்லை. மொத்தமாப் பாத்தாலும் மருந்து போட்ட பிள்ளைகளுக்கும் போடாத பிள்ளைகளுக்கும் வித்தியாசம் இல்லை. அடுத்த மாசம் எல்லாத் தாய்மார்களையும் கூப்பிட்டு…"

"அடுத்த மாசமெல்லாம் வேண்டாம். இப்பவே அவகிட்டப் போவோம், வா."

சுருபிமில் ஜோசிமாரா கதவைத் திறந்ததும் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே விட்டாள். தலித்தா சொல்லி முடிக்கும்வரை தாவி தன் அம்மாவின் மடியில் பல்லை நறநறவென்று அரைத்துக்கொண்டிருந்தான்.

"இது நிக்காதான்னு நான் தினம் ஏங்கிக்கிட்டு இருக்கேன்க்கா" என்றாள் ஜோசிமாரா, தாழ்ந்த குரலில்.

"நின்னா சந்தோஷப்படாதே" என்றாள் இவானில்டா. "உடம்பு துணி மாதிரி தொவளுதான்னு பாரு. பகல்ல தூங்கினா, அழாம இருந்தா, அப்பவே தூக்கிட்டு ஓடு. நான் உக்காந்து பாட்டுப் பாடினேன்டி."

ஜோசிமாரா தாவியைப் பாயில் கிடத்திவிட்டு வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். மன்னிப்பு என்று யாரும் வாய்திறந்து கேட்கவில்லை.

தாவி இன்னும் இருக்கிறான். இளைத்துக்கொண்டு வருகிறான். ஆஸ்பத்திரி போகும் நாட்களில் இவானில்டாவும் வேலையை விட்டுவிட்டு வேனில் ஏறுகிறாள். ஜோசிமாரா வரிசையில் நிற்கும்போது பிள்ளையை இவள் பிடித்துக்கொள்கிறாள். புதிதாக யாராவது ஆய்வு என்று வந்தால், "முடிஞ்சதும் யாரு வந்து எங்ககிட்ட சொல்லுவீங்க? அவங்க பேரைச் சொல்லுங்க" என்று கேட்கிறாள். சிலர் சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த தாயிடம் போகிறார்கள். ஒருவர் இருவர் சொல்லியிருக்கிறார்கள்.

வருடக் கடைசியில் சாவ்பாவ்லோவிலிருந்து வல்மிர் போன் செய்தான். மகள் போன செய்தி அவனுக்கு அப்போதுதான் எட்டியதாம். வெகுநேரம் அழுதான். அவள் மெஷினை நிறுத்தாமல், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரொம்பக் கஷ்டப்பட்டாளா?" என்று கேட்டான்.

"பட்டா" என்று சொல்லிவிட்டு இவானில்டா போனை வைத்தாள்.